பதினோரு மணி வேர்

ஏழு வருஷமாக ஒரு ஃபோட்டோ என் கண்ணை உறுத்திக்கொண்டிருக்கிறது. தாவரவியல் லேபில் கரும்பலகைக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம். பார்க்கிறவனுக்கு மண்புழுக் குட்டிகள் கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும். கீழே இங்கிலீஷில் டைப் அடித்து ஒட்டியிருக்கிறது: மலைப்பூண்டு வேர்நுனி, தயாரித்தவர் கருப்புசாமி.

கருப்புசாமி நான்தான். ஆனால் அதை நான் தயாரிக்கவில்லை.

செய்த வேலைக்குப் பேர் வரவில்லை என்று பொருமுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்யாத வேலைக்குப் பேர் வந்து, தினமும் அந்தப் பேருக்குக் கீழேயே நின்று பாட்டில் கழுவுகிறவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். கழட்டிவிடுங்கள் என்று புரொபசரிடம் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். "சுவத்துக்கு அழகா இருக்குது, இருந்துட்டுப் போகட்டும் விடுய்யா" என்றார். சுவருக்கு அழகு. எனக்குத்தான் அசிங்கம்.

அதைச் செய்தவள் பேர் சின்னம்மை. அவளைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நான் ஆறாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் இருக்காது.

ஊட்டியில் ஒரு டிரஸ்டு நடத்துகிற சின்னக் கல்லூரி எங்களுடையது. நான் லேப் அட்டெண்டர். வீடு காந்தலில். எழுபத்தாறாம் வருஷம் ஜூன் மாதம், மழையில் நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை வந்து லேப் வாசலில் நின்றாள். ஒல்லியான உடம்பு, முப்பத்தைந்து வயசு இருக்கும். தினக்கூலிக்குப் பெருக்க ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தோம்.

"எந்த ஊரு அம்மிணி?"

"அட்டன் பக்கம்ணே."

"அது எங்க இருக்குது?"

"சிலோன்ல. இப்ப நடுவட்டத்துல இருந்து வாறேன்."

சிலோன்காரர்கள் அப்போது பஸ் பஸ்ஸாக வந்துகொண்டிருந்த காலம். ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, நடுவட்டம், கூடலூர், கோத்தகிரி என்று எஸ்டேட் எஸ்டேட்டாகப் பிரித்து அனுப்பினார்கள். சின்னம்மையும் அவள் புருஷன் தங்கையாவும் நடுவட்டத்துக்கு வந்தார்கள். இரண்டாவது மழையில் தங்கையாவுக்கு நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை கிடையாது. ஒரே அக்கா மருதாயி, சிலோனிலேயே நின்றுவிட்டாள். ஒரே லயத்து வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பிராவில் இருந்தவர்கள். பிரஜாவுரிமை பிரித்தபோது ஒருத்திக்கு இந்தியா என்று வந்தது, ஒருத்திக்கு இலங்கை என்று வந்தது.

அவர்கள் சாமான் பிரித்த கதையை அவளே ஒருநாள் சொன்னாள். ஆத்தாள் வைத்திருந்த அம்மிக்கு ரெண்டு பேரும் அடித்துக்கொண்டார்களாம். கடைசியில் அம்மியை அக்கா வைத்துக்கொண்டாள், குழவியை இவள் மடியில் கட்டிக் கப்பலேறிவிட்டாள்.

"அறிவு வேண்டாமா? வெறும் குழவிய வெச்சு என்ன அரைப்ப?" என்றேன்.

"வெறும் அம்மிய வெச்சு அவ மட்டும் என்னாத்த அரைப்பா?" என்றாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

பெருக்குகிற வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் அவளுக்கு ஒரு கிறுக்கு. மாசம் பிறந்தால் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்று, "மஸ்டர்ல என் பேரு இருக்காண்ணே?" என்று கேட்பாள். மஸ்டர் என்கிற கூலிக் கணக்கில் பேர் இல்லை. பெருக்குபவர் 1 என்றுதான் இருக்கும். கிளார்க் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

"நீதான் அந்த ஒண்ணு. உனக்கு எதுக்கு இன்னொரு பேரு?"

"தோட்டத்துக் கணக்குல, செக்ரோல்ல பேரு இருந்திச்சு. கப்பல்ல பாஸ்போட்டுல இருந்திச்சு. இங்க வந்து ஒண்ணுன்னு ஆயிட்டேன். அட்டெண்டர் உத்தியோகத்துல பேரு எழுதுவாங்களா?"

"எழுதுவாங்க."

"அப்ப அதத்தான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கடையில் புளி வாங்குகிற மாதிரி.

இனி வேர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லேபுக்கு வருஷா வருஷம் அவமானம் தேடிக்கொடுத்தது அதுதான். எந்தச் செடியானாலும் மனுஷனானாலும் வளர்வது செல் ரெண்டு ரெண்டாகப் பிரிவதால்தானாம். அதைக் கண்ணால் பார்க்க வேர்நுனி தோதான இடம். வெங்காயத்தைத் தண்ணீரில் உட்கார வைத்தால் மூன்று நாளில் வேர் விடும். நுனியை வெட்டி, ஸ்பிரிட்டும் புளிப்பு ஆசிட்டும் கலந்த குப்பியில் போட வேண்டும். போட்ட நிமிஷத்தில் செல் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும். அப்புறம் இன்னொரு ஆசிட்டில் லேசாகச் சூடு காட்டி, சாயம் விட்டு, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். டிகிரிப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய பிராக்டிகல்.

காலை எட்டு மணிக்கு வெட்டணும் என்று ஒரு அச்சடித்த தாள் லேபில் ஒட்டியிருந்தது. கீழ்நாட்டில் எழுதிய தாள். நான் நேரம் தவறாத ஆள். பனி கொட்டினாலும் எட்டுக்கு வெட்டுவேன். பிள்ளைகள் லென்ஸில் பார்த்தால் எல்லா செல்லும் உருண்டையாக, சும்மா கிடக்கும். பிரிகிற செல் ஒன்றுகூட இருக்காது. நல்லசிவம் புரொபசர் என்னைத்தான் பிடிப்பார்.

"ஏய்யா கருப்புசாமி, என்னத்தய்யா வெட்டுன?"

"எட்டு மணிக்குத்தானுங்க சார் வெட்டுனேன். ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்லீங்க."

ஒருநாள் அவர் கத்திவிட்டுப் போனதும், மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த சின்னம்மை ஜன்னலோரம் போய் வெங்காய கிளாஸுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, இது தண்ணியா ஐசா?"

"பனிக்காலத்துல பின்ன வெந்நீராவா இருக்கும்?"

"ராவெல்லாம் ஐசுல நின்ன வேரு காலையில எட்டு மணிக்கு என்னாத்த வளரும்? நாமளே ஒம்பது மணிக்குத்தான் கைய நீட்டுறோம்." அவள் அட்டனில் தேயிலை நாற்று மேடையில் வேலை செய்தவள். ஒற்றை இலையோடு குச்சி வெட்டி வேர் பிடிக்க வைக்கிற வேலை. "மண்ணு சூடு ஏறாம ஒரு குச்சிகூட வேர் விடாது. இதுக தூங்குதுண்ணே. தூங்குறத வெட்டிட்டுப் புள்ளைகள ஏசுறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "நீ பெருக்குற வேலையப் பாரு" என்றேன்.

அவள் பெருக்குகிற வேலையையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். மறுநாள் முந்தானையில் மலைப்பூண்டு கொண்டு வந்தாள். மார்க்கெட் வெங்காயம் கீழே இருந்து மூட்டையில் வந்து காய்ந்தது, பூண்டு இந்த மண்ணில் விளைந்தது, குளிர் பழகினது என்று அவள் கணக்கு. பூண்டு சின்னதாக இருக்கிறதே, கிளாஸில் விழுந்துவிடுமே என்றேன். குப்பையில் கிடந்த காலி மை பாட்டில்களைக் கழுவி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பல் உட்கார வைத்தாள். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் எல்லாப் பாட்டிலையும் தன் பழைய ஸ்வெட்டரில் சுற்றி பீரோவுக்குள் வைப்பாள். காலையில் வெயில் விழுகிற ஜன்னலுக்கு மாற்றுவாள்.

அப்புறம் வெட்டினாள். ஒரு நேரத்தில் இல்லை. எட்டுக்குக் கொஞ்சம், ஒன்பதுக்குக் கொஞ்சம், இப்படி மதியம் ஒரு மணி வரைக்கும். எழுதத் தெரியாது. அதனால் குப்பிக் கழுத்தில் நூல் கட்டினாள். எட்டுக்கு வெள்ளை, ஒன்பதுக்கு மஞ்சள், பத்துக்குப் பச்சை, பதினொன்றுக்கு சிவப்பு, பன்னிரண்டுக்கு நீலம், ஒன்றுக்குக் கறுப்பு. நாற்று மேடையில் எந்தக் குச்சி எந்தத் தாய்ச்செடி என்று தெரிய அப்படித்தான் கட்டுவார்களாம்.

புரொபசர் ஆறு குப்பியையும் முறைத்தார். "இதென்ன, கோயில்ல கயிறு கட்டுற மாதிரி?" என்றார். பார்க்கவும் செய்தார். வெள்ளை நூலில் ஒன்றுமில்லை. மஞ்சளில் ஒன்று ரெண்டு. சிவப்பு நூல் குப்பிக்கு வந்ததும் லென்ஸில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"கருப்புசாமி! எல்லாம் பிரியுதுய்யா! யாரு வெட்டுனது?"

"இவதானுங்க."

அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னேன். சாட்சி யாரும் இல்லாதபோது உண்மை சுலபமாக வருகிறது.

நல்லசிவம் கெட்டவர் இல்லை. சின்னம்மையைக் கூப்பிட்டு லென்ஸில் பார்க்கச் சொன்னார். விளக்கினார். செல்லுக்குள் இருக்கிறது குரோமோசோம், நூல் மாதிரி, பூண்டுக்குப் பதினாறு. பிரிகிறதுக்கு முன்னாலேயே ஒவ்வொரு நூலும் தன்னைப் போலவே இன்னொன்று செய்துகொள்ளும். ரெட்டையாக ஒட்டிக்கொண்டு நடுவில் வரிசை கட்டி நிற்கும். அப்புறம் ரெட்டை விடுபட்டு, ஒன்று இந்தக் கோடிக்கு, ஒன்று அந்தக் கோடிக்குப் போகும். நடுவில் சுவர் எழும்பும். ஒரு செல் ரெண்டாகிவிடும்.

"அப்ப ரெண்டுக்கும் எட்டு எட்டா சார்?"

"இல்லம்மா. ரெண்டுக்கும் முழுசா பதினாறு. அதுக்குத்தான் முன்னாலேயே எல்லாத்தையும் ரெண்டாப் பண்ணிக்குது."

"ஒண்ணுக்குக்கூட குறையாதா?"

"குறைஞ்சா அந்தச் செல் உருப்படாது."

சின்னம்மை மறுபடி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து, "இதுகளுக்குப் பாஸ்போட்டு ஆபீஸ் இல்ல போல" என்றாள். புரொபசர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நசுக்குகிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். என் கை முரட்டுக் கை. மேல் கண்ணாடி முடி மாதிரி மெல்லிசு, நான் அமுக்கினால் படக்கென்று உடையும். கட்டைவிரல் இம்மி நகர்ந்தாலும் செல்லெல்லாம் சுருண்டு கூழாகிவிடும். அவளுக்குக் கொழுந்து கிள்ளின விரல். ஒற்றுத்தாளை மேலே வைத்து, கட்டைவிரலை நேராக இறக்கி, நேராக எடுப்பாள். செல் எல்லாம் பாய் விரித்த மாதிரி பரந்து நிற்கும்.

"பரீட்சை பார்க்க வர்ற எக்ஸ்டர்னல் திருப்தியாப் போனா உன்னை ரெண்டாவது அட்டெண்டராப் போடச் சொல்லி கமிட்டிக்கு எழுதறேன்" என்று புரொபசர் வாக்குக் கொடுத்தார். அதைக் கேட்டு அவள் முகம் மாறினதை நான் பார்த்தேன். அடுத்த மூன்று வாரம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேர் வேராக வெட்டினாள். லீவு நாளிலும் வந்து பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்றினாள்.

எழுபத்தொன்பது பிப்ரவரியில் எக்ஸ்டர்னல் வந்தார். பிள்ளைகள் எல்லாரும் நல்லபடியாகச் செய்தார்கள். காட்டுவதற்கென்று ஒரு ஸ்லைடு தனியாக வைத்திருந்தோம். அதைப் பார்த்துவிட்டு அவர், "கீழ்நாட்டுல கூட இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்லை. யார் பண்ணினது?" என்றார்.

பெருக்குகிறவள் ஆசிட்டைத் தொடக்கூடாது என்று எங்களுக்கு விதி. புரொபசர் என் பக்கம் கையைக் காட்டினார். "எங்க அட்டெண்டர், கருப்புசாமி" என்றார்.

எக்ஸ்டர்னல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் விளக்குமாற்றோடு சின்னம்மை நின்றுகொண்டிருந்தாள்.

அவர் அந்த ஸ்லைடை எடுத்துப் போய் ஃபோட்டோ பிடித்து, ஃப்ரேம் போட்டு அனுப்பினார். நான் மேலே சொன்ன ஃபோட்டோ அதுதான். அடுத்த மாசம் கமிட்டியில் இருந்து பதில் வந்தது. திறமையான அட்டெண்டர் ஒருவர் ஏற்கெனவே இருப்பதால் இரண்டாவது ஆள் தேவையில்லை. மே மாதம் கல்லூரி மூடினதும் தினக்கூலியை நிறுத்திவிட்டார்கள். அவள் நடுவட்டத்துக்கே கொழுந்து கிள்ளப் போனாள்.

ஜூனில் திரும்பி வந்தாள். என்னிடம் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, பதில்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"தோட்டத்துல சில பேரு இருப்பாங்கண்ணே. அடுத்தவ கூடையில இருந்து கொழுந்த அள்ளித் தன் கூடையில போட்டுக்கிட்டு, தராசுக்கு முன்னால நல்லவ மாதிரி நிப்பாங்க. அவுங்கள என்னா செய்வோம் தெரியுமா?"

"என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம். பக்கத்து நெரையில நின்னு கிள்ள மாட்டோம். அவ்வளவுதான்."

அதோடு வேரைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். மை பாட்டிலைச் சுற்றிப் பெருக்குவாள், பாட்டிலைத் தொடமாட்டாள். கெஞ்சினால், "நான் பெருக்குபவர் ஒண்ணு. ஃபைல்ல அப்பிடித்தானே இருக்கு" என்பாள்.

பனிக்காலம் வந்தது. நானே ஸ்வெட்டர் சுற்றினேன், பதினொன்றுக்கே வெட்டினேன், சிவப்பு நூல்கூடக் கட்டினேன். நசுக்குகிறபோது போச்சு. ஒரு டப்பாக் கண்ணாடி உடைந்தது. பிராக்டிகலுக்கு நாலு நாள் இருந்தது. புரொபசர் அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னம்மா வேணும் உனக்கு?"

"அண்ணன் பிரின்சிபால் அம்மாகிட்டப் போயி, அது நான் செஞ்சதில்லைன்னு சொல்லணும். நீங்க சொல்ல வேணாம் சார். பேரு வாங்கினவுங்க சொல்லணும்."

"எனக்கு மெமோ குடுப்பாங்க அம்மிணி" என்றேன்.

"மெமோல உங்க பேரு இருக்கும்லண்ணே? என் பேருல ஒரு மெமோ வந்தாக்கூட நான் கண்ணாடி போட்டு மாட்டுவேன்."

அன்று பூராவும் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். மறுநாள் காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு பிரின்சிபால் ரூமுக்குப் போனேன். தனபாக்கியம் அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"அந்த ஃபோட்டோவுல இருக்கறது நான் பண்ணுனதில்லீங்க. பெருக்கற சின்னம்மை பண்ணுனதுங்க. நான் வாயை மூடிட்டு இருந்துட்டேனுங்க."

"ஒரு வருஷமாவா?"

"ஆமாங்க."

அந்த அம்மா கோபப்படவில்லை. லேபுக்கு வந்து உட்கார்ந்தார். ரெண்டு பேரும் என் கண் முன்னாடி ஒரு ஸ்லைடு செய்யுங்கள் என்றார். நான் மூன்று கண்ணாடி உடைத்தேன். சின்னம்மை ஒன்று செய்தாள். பிரின்சிபால் பார்த்துவிட்டு, "இந்த ஆசிட் வேலையை யாரை நம்பிக் குடுத்தீங்க?" என்று புரொபசரைக் கேட்டார். அவர் கூரையைப் பார்த்தார். எனக்கு மெமோ வந்தது. அந்த வருஷ பிராக்டிகல் சின்னம்மை கையால் நடந்தது. அவள் ஆர்டர் வரப் பதினாலு மாசம் ஆயிற்று. கமிட்டி இழுத்தது, படிப்பு இல்லை என்றது, வயசு என்றது. தாயகம் திரும்பினவர்களுக்கு உள்ள வயசுச் சலுகையைக் காட்டி, ஒவ்வொரு கூட்டத்தன்றும் ஆபீஸ் வராந்தாவில் போய் நின்றாள். மழை பெய்தால் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். எண்பத்தொன்று ஏப்ரலில் ஆர்டர் வந்தது. ஆய்வக உதவியாளர், சின்னம்மை, கணவர் பெயர் தங்கையா. கையெழுத்துப் போடப் பத்து நாள் பழகினாள். முதல் கையெழுத்து ரிஜிஸ்டரில் மூன்று வரியை அடைத்துக்கொண்டது.

அதன்பிறகு என்னோடு ஒரே நிரையில் நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். அஞ்சு வருஷம் ஒரே மேஜை. என் கட்டைவிரலை அவள்தான் பழக்கினாள். "கல்லு ஒடைக்கறீங்களா? புள்ளைக்குப் பொட்டு வைக்கற மாதிரி வையுங்கண்ணே" என்று திட்டுவாள். போன வருஷத்தில் இருந்து எனக்குப் பத்துக்கு ஏழு சரியாக வருகிறது.

எண்பத்து மூன்று சிலோன் கலவரத்துக்கு அப்புறம் அக்காவிடமிருந்து ஒரு வருஷம் கடுதாசி இல்லை. அப்போதும் சின்னம்மை பதினோரு மணிக்கு வேர் வெட்டினாள். ஒருநாள் கடுதாசி வந்தது. அம்மி பத்திரமாக இருக்கிறது என்று மருதாயி எழுதச் சொல்லியிருந்தாள். நான்தான் வாசித்தேன். "அவ பத்திரமா இருக்காளான்னு எழுத மாட்டா" என்று திட்டிக்கொண்டே அதை மடித்து இடுப்பில் செருகினாள்.

இந்த பிப்ரவரியில் அவளுக்கும் நெஞ்சில் சளி கட்டியது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை விடியற்காலை போய்விட்டாள். நான் புதன்கிழமை சாயங்காலம் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமைதான் பிராக்டிகல். வியாழக்கிழமை வேர் வெட்டியாக வேண்டும்.

மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் கேள்வி நிற்கவில்லை.

"ஸ்வெட்டர் சுத்துனீங்களா?"

"சுத்திட்டேன்."

"நுனி மட்டும். வெள்ளையாத் தெரியற நுனி. மேல போயிடாதீங்க."

"தெரியும் அம்மிணி. நீ பேசாம படு."

"காட்டுற ஸ்லைடு?"

"நானே பண்ணிக்கறேன். வர்றவரு கேட்டா உன் பேரைத்தான் சொல்லப் போறேன். அந்த ஃபோட்டோவுக்குச் சரியாப் போயிரும்."

நான் அதை அவளுக்கு ஒரு பரிசு மாதிரி கொண்டுபோயிருந்தேன். அவள் முகம் கடுத்துவிட்டது. ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். நர்ஸம்மா ஓடி வந்தார். அவரைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் இங்க படுத்துக் கெடக்கேன். நாளைக்கு வெட்டப் போறது நீங்க. நசுக்கப் போறது நீங்க. நல்லா வந்தா, யாரு செஞ்சதுன்னு கேட்டா, வாயத் தொறந்து உங்க பேரச் சொல்லுங்கண்ணே."